ஆறாவது கண்ணாடி

எங்கள் நாகப்பட்டினம் வீட்டுக் கிழக்குச் சன்னலில் கதவுக்கு மூன்றாக ஆறு கண்ணாடிகள். ஐந்து, 1950களில் தாத்தா வீடு கட்டும்போது போட்டவை. ஆறாவது, பந்து பட்டுப் பழையது உடைந்ததால் பதினைந்து வருடங்களுக்கு முன் மாற்றியது. கடையிலிருந்து வந்த பையன் குழலை அமுக்கிச் சிலிக்கானைப் பிதுக்கி, அரைமணி நேரத்தில் ஒட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனான். எனக்கும் அப்போது திருப்திதான்.

போன கோடையில் கதவுகளைக் கழற்றித் திண்ணையில் படுக்கப்போட்டுச் சரிசெய்ய உட்கார்ந்தேன். துணைக்கு ஓர் ஆசாரி, எழுபதைத் தாண்டியவர். பழைய புட்டிப் பசையில் பதிந்திருந்த ஐந்து கண்ணாடிகளும் இரண்டு நாள் பொறுமைக்குப் பிறகு முழுசாகக் கைக்கு வந்தன. ஆறாவது வரவில்லை. மூலையில் கத்தியை விட்டு நெம்பியதும் குறுக்கே விரிசல் விட்டது. மிச்சமிருந்த சிலிக்கானைப் பிய்த்தால் ரப்பர் நாடாபோல இழுபட்டு, கடைசியில் தேக்கின் சிம்பு ஒன்றை விரல் நீளத்துக்குப் பெயர்த்துக்கொண்டு வந்தது.

"ஒட்டுறப்பவே கழட்டுறத யோசிக்கணும் தம்பி" என்றார் ஆசாரி.

அதற்குப் பிறகு புட்டி, ஆணி, கீல், திருகாணி என்று எது வாங்கப் போனாலும் இதை எப்படிக் கழற்றுவது என்றுதான் முதலில் பார்த்தேன். விளையாட்டாகத் தொடங்கிய கேள்வி வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கதவுச் சட்டத்தின் உள்விளிம்பில் படிபோல ஒரு காடி வெட்டியிருக்கும். கண்ணாடி அந்தப் படியில் உட்காரும். பார்க்க எல்லாம் அசையாமல் இருப்பதுபோல் தோன்றினாலும் மரம் சும்மா இருப்பதில்லை. ஐப்பசி மழையில் ஈரத்தைக் குடித்து உப்பும். சித்திரையில் வற்றிச் சுருங்கும். தேக்கு இந்த விஷயத்தில் மிக அடக்கமான மரம். அப்படியும் ஐந்து சென்டிமீட்டர் அகலச் சட்டம் ஒன்று வருடத்துக்குள் கால் முதல் அரை மில்லிமீட்டர்வரை அகலம் மாறும். கண்ணாடிக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை, வெப்பத்துக்கு மட்டும்தான் விரியும். அதுவும் அறுபது சென்டிமீட்டர் கண்ணாடி 20 டிகிரி சூடேறினால் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். இப்படி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டுக்கும் நடுவில் ஒரு பொருளை வைக்க வேண்டும். அது தண்ணீரை உள்ளே விடக்கூடாது, இருவரில் யார் அசைந்தாலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

அதற்குத்தான் புட்டி. எங்கள் பக்கத்து ஆசாரிமார் மக்கு என்பார்கள். சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தது, வேறொன்றும் இல்லை. ஆறேழு பங்கு மாவுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று தொடங்கி, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாக, கையில் ஒட்டாமல் வரும்வரை பிசைய வேண்டும். கடையில் வாய் தவறிப் "பட்டி" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் வெள்ளைச் சிமென்ட்டில் செய்த சுவர்ப் பட்டி மூட்டையை நகர்த்திவிட்டார். அதைச் சன்னலில் வைத்தால் கல்லாக இறுகும், விட்டே கொடுக்காது. போதாததற்கு அதிலிருக்கும் காரம் ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பையே அரிக்கும். புதுவீடுகளில் சுண்ணாம்பு தெறித்த கண்ணாடியில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த அரிப்புதான்.

சரி, ஆளிவிதை எண்ணெய்தான் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறோம்? சமையல்கட்டுக்குப் போனால் பதில் கிடைக்கும். நல்லெண்ணெய்த் தூக்கின் வெளிவிளிம்பைத் தொட்டுப் பாருங்கள். பல மாதம் வழிந்து காய்ந்த இடத்தில் பிசுபிசுவென்று, சோப்புக்கும் அசையாத ஒரு படலம் இருக்கும். தேங்காயெண்ணெய்ப் பாட்டிலில் அப்படி ஒன்று வராது. தேங்காயெண்ணெயின் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்றது, அதாவது அதன் கார்பன் சங்கிலியில் ஆக்சிஜன் வந்து பிடித்துக்கொள்ள இடம் கிடையாது. நல்லெண்ணெயில் ஓரளவு இடம் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள். காற்றின் ஆக்சிஜன் அந்த இடங்களில் புகுந்து பக்கத்துச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. எண்ணெய் காய்கிறது என்கிறோம், உண்மையில் அது தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆக்சிஜனை வாங்கிக்கொள்வதால் அது எடை கூடத்தான் செய்கிறது. மேல்தோல் ஒன்றிரண்டு வாரத்தில் கட்டும். உள்ளே இருக்கும் எண்ணெய் வருடக்கணக்கில் மெதுவாகப் பின்னிக்கொண்டே இருக்கும். அந்த வருடங்களில்தான் புட்டி வளைந்துகொடுக்கிறது.

கடையில் கிடைப்பது "டபுள் பாயில்டு". பெயரில்தான் இரட்டைக் கொதிப்பு. இன்றைக்கு அதன் வேகம் வருவது பெரும்பாலும் அதில் சேர்க்கும் கோபால்ட், மாங்கனீசு உப்புகளால். ஆக்சிஜன் சேரும் வேலையை அவை விரைவுபடுத்துகின்றன. புட்டிக்கு அது போதும்.

இந்த எண்ணெயில் ஓர் ஆபத்து உண்டு. ஆக்சிஜனோடு சேரும்போது சூடு பிறக்கிறது. சட்டத்தில் பூசியிருக்கையில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும். சில மணி நேரத்தில் தீக்குச்சி இல்லாமலே பற்றும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம், 1991 பிப்ரவரி 23 அன்று இப்படித்தான் தீப்பிடித்தது. 22ஆம் மாடியில் மரவேலை செய்தவர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகள்தான் காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். ஆகவே துணியைத் தண்ணீரில் நனைத்து, விரித்து, கொடியில் போட்டுவிடுங்கள். எங்கள் திண்ணையில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆசாரியைவிட நான் கண்டிப்பாக இருந்தேன்.

பழைய புட்டியை எடுப்பதுதான் இந்த வேலையில் நேரத்தைத் தின்பது. எழுபது வருடத்தில் அதுவும் கல் மாதிரிதான் ஆகிவிட்டிருந்தது. ஆனால் சூடு காட்டினால் இளகும். ஆசாரி காலத்தில் ஊதுவிளக்கு. இப்போது ஹீட் கன். அதை வாங்கும்போது வெப்பநிலையைக் குறைத்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டேஜ் பெரிதாக இருப்பதில் பெருமை ஒன்றுமில்லை. இரண்டு காரணம். ஒரே கண்ணாடிக்குள் ஓரத்துக்கும் நடுவுக்கும் 40 டிகிரி அளவுக்கு வித்தியாசம் வந்தாலே சாதாரணக் கண்ணாடி விரிசல் விடலாம். அதனால் அட்டையில் அலுமினியத் தாளைச் சுற்றிக் கண்ணாடியை மூடிக்கொண்டு, புட்டியின்மேல் மட்டும் சூட்டை ஓட்டினோம்.

இரண்டாவது காரணம் ஈயம். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் வெள்ளைக்கும், சீக்கிரம் காய்வதற்கும் ஈயச் சேர்மங்களைத் தாராளமாகப் போட்டார்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய பச்சை, நீலச் சன்னல் எதையும் சந்தேகப்படலாம். அளவுக்கு மீறிய சூட்டில் ஈயம் புகையாகிறது; அமெரிக்காவில் 593 டிகிரிக்கு மேல் ஹீட் கன்னை ஈயப் பெயின்ட்டில் காட்டத் தடை இருக்கிறது. அதைவிடப் பெரிய கேடு உப்புத்தாள். உலர்ந்த பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூள் வீடு முழுக்கப் படியும், தவழும் குழந்தை இருந்தால் அதன் கைவழி வாய்க்குப் போகும். தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுவதுதான் சரி. முகமூடி போட்டு, கீழே பழைய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, முடிந்ததும் சுருட்டி எடுத்துவிட வேண்டும். நான் மின்சார சாண்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். பெட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

சுரண்டுவதற்கு ஆசாரி எடுத்தது முதுகு தடித்த ஒரு பழைய கத்தி. இளகிய புட்டிக்கும் மரத்துக்கும் நடுவில் அதன் வாயை வைத்து முதுகில் சுத்தியலால் தட்டினார். நான் அவருடைய உளியை எடுக்கப் போனதும் முறைத்தார். "அது மரத்துக்கு. உள்ள ஆணி இருக்கும், வாய் போயிடும்." அடுத்த நிமிடமே கத்தி ஒரு ஆணியில் இடித்து நின்றது.

காடி சுத்தமானதும் புட்டியைத் தூக்கி அப்பிவிடக்கூடாது. காய்ந்த மரம் புட்டியின் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்; எண்ணெய் இழந்த புட்டி ஒரே வருடத்தில் மாவாக உதிரும். ஆகவே காடிக்கு முதலில் எண்ணெய் பிரைமர். தேக்கின் சொந்த எண்ணெய்ப் பசை பிரைமரைப் பிடிக்க விடாது என்பதால் அதற்கும் முன்னால் தின்னரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. சிலிக்கான் போட்டிருந்த ஆறாவது காடியில் மூன்று முறை துடைத்தும் பிரைமர் திட்டுத்திட்டாக ஒதுங்கியது. சிலிக்கான் மிச்சத்தின்மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்பதில்லை. ஆசாரி இழைப்பதற்கு வழியில்லாமல், உளியால் அரை மில்லிமீட்டர் மரத்தையே சீவி எடுத்தார்.

இனி கண்ணாடி. நாலாவது வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி ஒரு திரவம், எழுபது வருஷத்துல கீழே வழிஞ்சிருக்கும், அதான் நெளியுது" என்றார். வெகுநாளாகச் சுற்றும் கதை இது. பிரேசிலைச் சேர்ந்த எட்கர் சனோட்டோ 1998இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: அறை வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவு வழிய, பிரபஞ்சத்தின் வயதே போதாது. எங்கள் கண்ணாடியின் நெளிவு பிறந்த அன்றே வந்தது. அந்தத் தலைமுறைக் கண்ணாடி பெரும்பாலும் உருகிய குழம்பிலிருந்து மேல்நோக்கித் தகடாக இழுத்து எடுத்தது. பெல்ஜியத்தின் எமில் ஃபூர்கோ வழிகாட்டிய முறை. இழுக்கும்போது விழுந்த வரிகள் அப்படியே உறைந்துவிடும். உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959இல்தான். இன்று கடையில் கிடைப்பது அனேகமாக அந்த மிதவைக் கண்ணாடியே. மெழுகுபோல் வழவழப்பு, நெளிவே இருக்காது.

புதுக் கண்ணாடி வாங்கப் போனால் ஐந்து மில்லிமீட்டரைத்தான் முதலில் காட்டுவார்கள், "ஸ்ட்ராங்கா இருக்கும் சார்" என்று. மறுத்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. எங்கள் பழைய கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர். சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ. ஐந்து மில்லிமீட்டர் போட்டால் பன்னிரண்டரை. அந்த எடையைத் தாங்க வேண்டியது தாத்தா காலத்துக் கீல். மேலும் காடியின் ஆழம் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான். தடித்த கண்ணாடி அதில் பாதியை அடைத்துக்கொண்டால் புட்டிக்குச் சரிவு கொடுக்க இடமிருக்காது, மழைநீர் தங்கும். மூன்று மில்லிமீட்டர் வாங்கினேன். தரையோடு ஒட்டிய சன்னலென்றால் கதை வேறு. அங்கே குழந்தைகள் மோதினாலும் ஆபத்தில்லாத டஃபன்டு கண்ணாடி வேண்டும். அதை முன்கூட்டியே அளவாகச் சொல்லி வாங்க வேண்டும், பிறகு வெட்டவே முடியாது.

வெட்டுவதைக் கடையிலேயே நின்று பார்த்தேன். மண்ணெண்ணெயில் தோய்த்த சின்னச் சக்கரம், ஒரே இழுப்பு, சர்ரென்று ஒரே சீரான சத்தம். பிறகு கோட்டை மேசை விளிம்பில் வைத்து இரு கைகளாலும் ஒரு அழுத்து. பார்க்கிறவருக்கு அவர் கண்ணாடியை வெட்டியதுபோல் இருக்கும். உண்மையில் ஒரு நுண்ணிய விரிசலைத் தொடங்கிவைத்திருக்கிறார், அவ்வளவுதான். கண்ணாடியின் அணுப்பிணைப்புகளைக் கணக்கிட்டால் வரும் வலிமையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் நடைமுறையில் கிடைக்கிறது. ஏன் என்று 1921இல் விளக்கியவர் இங்கிலாந்தில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கிரிஃபித். கண்ணுக்குத் தெரியாத கீறலின் நுனியில் தகைவு எல்லாம் குவிகிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் கீறல் தானே ஓடுகிறது. கிளாஸ் கட்டர் அந்தக் கீறலை நாம் விரும்பும் கோட்டில் போட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் ஒரே கோட்டில் இரண்டாம் முறை இழுக்கக்கூடாது: கோடு நொறுங்கி, விரிசல் பல பக்கம் கிளைக்கும். மழுங்கிய சக்கரத்தின் விலையும் இதுதான். நூறு ரூபாய் மிச்சம் பிடித்துக் கண்ணாடியைத் தொலைப்பது.

அளவு சொல்லும்போது காடியின் அளவைவிட மொத்தம் மூன்று மில்லிமீட்டர் குறைத்துச் சொன்னேன், பக்கத்துக்கு ஒன்றரை. மரம் உப்பும்போது அந்த இடைவெளிதான் கண்ணாடியைக் காப்பாற்றும். கச்சிதமாக வெட்டிய கண்ணாடிதான் மழைக்காலத்தில் யாரும் தொடாமலே உடையும்.

காடியில் மெல்லிய புட்டித் திரி ஒன்றை உருட்டிப் பதித்து, கண்ணாடியை அதன்மேல் வைத்து, ஓரங்களில் மட்டும் அழுத்தினோம். பின்பக்கம் பிதுங்கி வந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியை உண்மையில் பிடித்திருப்பது புட்டி இல்லை, சாணுக்கு ஒன்றாக அடிக்கும் தலையில்லாப் பித்தளை ஆணிகள். இங்கே ஆசாரியின் கையைப் பார்க்க வேண்டும். சுத்தியலைத் தூக்கவே மாட்டார். கண்ணாடியின்மேல் ஒரு அட்டையைப் போட்டு, சுத்தியலைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கண்ணாடியோடு ஒட்டியே சறுக்கித் தட்டுவார். சுத்தியல் கண்ணாடியைவிட்டு எழும்பாதபோது அதன்மேல் விழவும் முடியாது. பிறகு மேற்புட்டி, புட்டித் தகடால் ஒரே இழுப்பில் சரிவு. இதில் நான் இழுத்தது படிக்கட்டுபோல வந்தது.

நம்மூரில் இப்போது புட்டிக்குப் பதில் மரப் பீடிங் அடிப்பதுதான் அதிகம். கழற்ற எளிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடியில் புட்டி வைக்காமல் வெறும் பீடிங்கை அடித்தால் கண்ணாடியில் வழியும் நீர் அதன் பின்னால் இறங்கித் தங்கிக்கொள்ளும். கீழ்ச் சட்டம் இற்றுப்போக அது போதும்.

கடலோர ஊரில் இருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இரும்பும் பித்தளையும். எங்கள் கீல்கள் நல்ல பித்தளை. இடையில் யாரோ திருகாணிகளை மட்டும் இரும்பில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கீல்களில் ஒரு திருகாணிக்குக்கூடத் தலை இல்லை. உப்புக்காற்றின் ஈரப்படலம் இரண்டு உலோகங்களையும் இணைத்து ஒரு குட்டி மின்கலமாக்கிவிடுகிறது. அதில் கரைந்துபோவது இரும்பு. பெரிய பித்தளைப் பரப்போடு சின்ன இரும்புத் தலை சேரும்போது முழு மின்னோட்டமும் அந்தச் சின்ன இடத்தின்மேல் விழுகிறது, தலை சீக்கிரமே போய்விடுகிறது. மரத்துக்குள் இருக்கும் தண்டு துருவாகிப் பல மடங்கு பருத்துச் சட்டத்தைப் பிளக்கும். தேக்கு இரும்பை ஓக் மரம்போல அரிக்காது என்று கப்பல் கட்டியவர்கள் அதைத் தேடிப்போனார்கள். உப்பிடமிருந்து காப்பாற்றத் தேக்காலும் ஆகவில்லை. ஆகவே பித்தளைக் கீலுக்குப் பித்தளைத் திருகாணி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) கீலென்றால் திருகாணியும் எஸ்.எஸ். கடற்கரையில் 304 ரகம் தேநீர்க்கறைபோல் பழுப்படிக்கும். மாலிப்டினம் சேர்த்த 316தான் தாங்கும்.

கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மஞ்சள் முலாம் பூசிய இரும்புக் கீலைப் பித்தளை என்று விற்பார்கள். காந்தம் ஒட்டினால் வைத்துவிட்டு வரலாம். நல்ல பித்தளைக்கும் ஒரு நோய் உண்டு. எங்கள் கீல் ஒன்றின் மூலையைச் சுரண்டியபோது மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாக, பஞ்சுபோல் பொரிந்து வந்தது. பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் உப்புநீரில் கரைந்து வெளியேறி, துளைத்துளையாகச் செம்பு மிஞ்சியிருக்கிறது. உருவம் மாறாது, பலம் மட்டும் போயிருக்கும். அதை மட்டும் மாற்றினோம்.

பித்தளைத் திருகாணி மென்மையானது, தேக்கில் வம்பாகத் திருகினால் கழுத்து முறியும். முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஓட்டி வழி உண்டாக்கிக் கழற்றிவிட்டு, பிறகு பித்தளையை மெழுகுவத்தியில் தேய்த்துத் திருப்புளியால் மெதுவாக ஏற்ற வேண்டும். தலை போன பழைய தண்டுகளில் பதினொன்றை எடுத்தோம். ஒன்று இன்னும் நிலைக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாம் வாரம் புட்டி தோல் கட்டியதும் பெயின்ட் அடித்தேன். கண்ணாடியின்மேல் இரண்டு மில்லிமீட்டர் ஏறும்படி அடிக்க வேண்டும், புட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நீர் இறங்காமல் தடுக்கும் கோடு அது. நறுவிசாகத் தெரியட்டும் என்று பிளேடால் அதைச் சுரண்டி எடுப்பவர்கள் அடுத்த வருடம் மறுபடி புட்டி வைப்பார்கள்.

கதவுகளை மாட்டிய அன்று இரவு தெருவிளக்கு எரிந்தது. ஐந்து கண்ணாடிகளில் அதன் கம்பம் பாம்புபோல் நெளிந்தது. ஆறாவதில் நட்டுக்குத்தாக நின்றது. எனக்கு அது உறுத்தலாக இருந்தது. நெளிவுள்ள பழைய கண்ணாடித் துண்டு எங்காவது கிடைக்குமா என்று விசாரிக்கலாம் என நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தாள். "அந்த ஒண்ணுதான்டா ஒழுங்கா இருக்கு. மத்த அஞ்சையும் எப்ப மாத்தப்போற?"